காத்திருக்கத் தெரிந்த சனிக்கிழமைக் குழு

டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்காகப் பெற்றோர் சிலரும் தன்னார்வலர்களும் சேர்ந்து நடத்தும் சனிக்கிழமைக் குழு ஒன்றுக்கு எங்கள் 7 வயது மகளை ஓராண்டாக அழைத்துச் சென்று வருகிறேன். இரண்டு மணி நேரம் நடக்கும் அந்தக் கூடுகையில் ஆட்டம், பாட்டு, கைவேலை, படம் பார்த்துச் சொல் படிப்பது என்று பலவும் உண்டு. குறைகளையும் எழுதப் போகிறேன் என்பதாலும், நடத்துபவர்கள் ஊதியமின்றி உழைப்பவர்கள் என்பதாலும் குழுவின் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதல் நாளே என் மனத்தில் பதிந்தது வருகைப் பதிவுதான். சுவரில் ஒரு துணிப்பலகை இருக்கிறது. மேசையில் ஒவ்வொரு குழந்தையின் படமும் பெயரும் கொண்ட அட்டைகள் பரப்பி வைக்கப்பட்டிருக்கின்றன. குழந்தை தன் அட்டையைத் தானே தேடி எடுத்துப் பலகையில் ஒட்ட வேண்டும். என் மகள் ஓர் அட்டையை எடுத்தாள், திரும்ப வைத்தாள், ஜன்னலைப் பார்த்தாள். என் கை தானாக மேசையை நோக்கி நீண்டது. "அவளே எடுக்கட்டும், அம்மா" என்று பொறுப்பாளர் தாழ்ந்த குரலில் சொன்னார். அதன்பின் யாரும் பேசவில்லை. நான் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். 16 வரை வந்தபோது அவள் தன் அட்டையை எடுத்துத் தலைகீழாக ஒட்டினாள், பார்த்தாள், பிறகு திருப்பி நேராக ஒட்டினாள். வீட்டில் ஒரு நாளும் அவளுக்கு மூன்று நொடிக்கு மேல் நான் கொடுத்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்தப் பொறுமை வெறும் நல்ல குணமன்று, தெரிந்து செய்யப்படும் வேலை. 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வரும் இந்த நிலையில் தசைகள் இயல்பாகவே சற்றுத் தளர்ந்திருக்கும். வாயும் நாக்கும் சொல்லை உருவாக்க அதிக முயற்சி எடுக்க வேண்டியிருக்கும். காதால் கேட்டதை மனத்தில் நிறுத்துவதைவிடக் கண்ணால் கண்டதை நிறுத்துவது பெரும்பாலான குழந்தைகளுக்கு எளிதாக இருக்கும். பேசத் தெரிந்ததைவிடப் புரிந்துகொள்வது அதிகம் என்பதால், பதில் வராததைப் புரியாததாக எடுத்துக்கொள்வதே பெரியவர்கள் செய்யும் முதல் தவறு. இந்தக் குழுவில் அன்றைய நிகழ்ச்சிகள் அனைத்தும் படங்களாக வரிசையில் தொங்குகின்றன. ஒன்று முடிந்ததும் ஒரு குழந்தை அந்தப் படத்தைக் கழற்றிப் பெட்டியில் போடுகிறது. நடுக்காதில் நீர் தேங்கிக் கேட்கும் திறன் குறைவது இக்குழந்தைகளிடம் மிகச் சாதாரணம் என்பதால், பேசுபவர் எதிரில் அமர்ந்து முகம் தெரியப் பேசுகிறார், முக்கியமான சொற்களுக்குச் சைகையும் சேர்க்கிறார். சைகை பழகினால் பேச்சு வராமல் போய்விடுமோ என்று நான் அஞ்சியதுண்டு. 'போதும்' என்பதற்கான சைகையை மகள் முதலில் கற்றாள். நான்கு மாதம் கழித்துச் சொல்லும் சைகையும் சேர்ந்து வந்தன. இப்போது கை சும்மா இருக்க வாய் மட்டும் சொல்கிறது, அதுவும் நான் தலைவாரும்போது மிகத் தெளிவாக.

உடற்பயிற்சி நேரத்தைப் பற்றி அதே நிறைவுடன் எழுத முடியவில்லை. தாழ்ந்த பலகையில் நடப்பது, பந்தை உருட்டுவது, படியேறுவது ஆகியவை நன்றாகவே நடக்கின்றன. ஆனால் நாங்கள் சேர்ந்த புதிதில், எந்தக் கேள்வியும் கேட்காமல் குழந்தைகளைக் குட்டிக்கரணம் அடிக்கவும் குதிமெத்தையில் துள்ளவும் விட்டார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கிடையிலான பிணைப்பு தளர்வாக இருக்கும். தலையும் கழுத்தும் வேகமாக வளையும் அசைவுகளால் தண்டுவடம் பாதிக்கப்படலாம். கழுத்துவலி, நடையில் திடீர் தடுமாற்றம், கைகால் பலவீனம், புதிதாகச் சிறுநீர் கட்டுப்படாமை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதைப் பயிற்சி தருபவர் அறிந்திருக்க வேண்டும். நான் எழுத்தில் முறையிட்டபின் சேர்க்கைப் படிவத்தில் இதயம், கழுத்து, காது பற்றிய கேள்விகள் சேர்க்கப்பட்டன, குட்டிக்கரணமும் நின்றது. குதிமெத்தை மட்டும் இன்னும் மூலையில் கிடக்கிறது. இயன்முறை மருத்துவர் வரும் வாரங்களில்தான் விரிக்கிறார்கள் என்றாலும் எனக்கு அதில் உடன்பாடில்லை.

பெற்றோருக்கென்று பக்கத்தில் ஓர் அறை உண்டு. யாரும் உரையாற்றுவதில்லை, நாற்காலிகளும் பேச ஆட்களும் இருப்பதே அதன் சிறப்பு. இந்நிலையுடன் பிறப்போரில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பிறவி இதயக் குறை இருக்கிறது என்பதால், அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்ட கைக்குழந்தையுடன் ஒரு தாயோ தந்தையோ அங்கே வந்து அமர்வது அடிக்கடி நடக்கும். எதிரில், அதே சிகிச்சை முடிந்து பத்து வயதான பிள்ளையின் தந்தை பேசிக்கொண்டிருப்பார். மருத்துவமனைக் கையேட்டில் கிடைக்காத விவரங்கள், அதாவது தையலுக்குப் பின் குழந்தையை எப்படித் தூக்குவது, இரவில் யார் விழித்திருப்பது போன்றவை, அங்கேதான் கிடைக்கின்றன. உடன்பிறந்தவர்களுக்கு மட்டும் ஏற்பாடு எதுவும் இல்லை; என் மகன் வராந்தாவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறான்.

மார்ச் 21ஆம் நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 21ஆம் குரோமோசோமின் மூன்று பிரதிகளைக் குறிக்கும் இந்த நாளை ஐக்கிய நாடுகள் சபை 2012 முதல் உலக டவுன் சிண்ட்ரோம் தினமாகக் கடைப்பிடிக்கிறது. எங்கள் குழுவும் அதைக் கொண்டாடியது. ஜோடி சேராத வண்ணக் காலுறைகளை அணிந்து குழந்தைகள் உற்சாகமாக வந்தார்கள். விருந்தினர் உரைகள் முடிய 40 நிமிடம் ஆனது. மேடையில் படமெடுக்க நிற்க வைத்தே மீதி நேரம் போயிற்று. அன்று படவரிசைப் பலகை தொங்கவில்லை. என் மகள் 'போதும்' என்று மூன்று முறை சொன்னாள், கேட்க யாருக்கும் நேரமில்லை. ஆண்டு முழுவதும் குழந்தைக்காகக் காத்திருந்தவர்கள் அந்த ஒரு நாள் மட்டும் குழந்தைகளைக் காக்க வைத்தது எனக்கு வருத்தமே.

இன்னொரு குறை வயது வரம்பு. 12 வயது முடிந்ததும் பிள்ளையை அனுப்பிவிடுகிறார்கள். நல்ல மருத்துவ வசதி கிடைக்கும் இடங்களில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் இன்று சராசரியாக 60 வயதை ஒட்டி வாழ்கிறார்கள். நட்பும் வேலைப் பழக்கமும் தனியே வெளியே போய்வரும் துணிவும் தேவைப்படத் தொடங்கும் வயதில் கதவு மூடுகிறது. பெரிய பிள்ளைகளை இளையவர்களுக்கு உதவியாளராக வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டிருக்கிறேன், யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்த தவணைக்கும் மகளின் பெயரைப் பதிந்துவிட்டேன். குதிமெத்தை விரிக்கும் வாரங்களை முன்கூட்டியே தெரிவிக்கும்படி கேட்டிருக்கிறேன். அட்டைகளைக் கலைத்துப் போடும் வேலையை இப்போது அவளிடம் கொடுத்திருக்கிறார்கள். தன் அட்டையை எப்போதும் மேலேயே வைத்துக்கொள்கிறாள்.