பனி என்று சொல்லி ஆப்ப சோடாவைத் தூவிக் கொடுத்தார்

பொம்மைப் படை விளையாட்டில் பேஸ் வேலையை வெளியாளிடம் கொடுக்க நினைப்பவர்கள், அதிலும் பனி பேஸ் கேட்கப் போகிறவர்கள், பணம் அனுப்புவதற்கு முன்னால் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். எனக்குப் போனது 56 பவுண்டு. அது போகட்டும். இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து ஒவ்வொரு பொத்தானாக வண்ணம் தீட்டிய 48 சிப்பாய்களை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

இந்த விளையாட்டுப் பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு வரி: பாதிக் கட்டைவிரல் உயரத்துக்கு 28 மி.மீ. போர்வீரர் உருவங்கள், அவை நிற்கிற சின்னப் பலகைதான் பேஸ். அதில் மண், கல், புல், பனி எல்லாம் வைத்து அந்த ஆள் எந்த நிலத்தில் நிற்கிறான் என்று காட்டுவோம். என்னுடையது 1812இல் ரஷ்யாவிலிருந்து திரும்பிய நெப்போலியனின் பிரெஞ்சுப் படை. அக்டோபர் 19 அன்று மாஸ்கோவை விட்டுக் கிளம்பி, நவம்பர் கடைசியில் பெரசினா ஆற்றைக் கடப்பதற்குள் பாதி செத்துச் சிதறிய கூட்டம். தலையில் துணி சுற்றியவன், காலில் கந்தல் கட்டியவன், துப்பாக்கியை ஊன்றி நடப்பவன் என்று ஒவ்வொருவனும் ஒரு தினுசு. இவர்களுக்குப் பனி இல்லாவிட்டால் கதையே இல்லை.

நானே செய்திருக்கலாம். செய்யாததற்குக் காரணம், நல்ல பனிக்குப் பலர் பயன்படுத்துவது கண்ணாடி மைக்ரோபலூன். கண்ணுக்குத் தெரியாத உள்ளீடற்ற கண்ணாடி மணிகள், மாவு மாதிரி பறக்கும். முகக்கவசம் இல்லாமல் தொடக் கூடாது. நான் லெஸ்டரில் இரண்டு அறை வீட்டில் இருக்கிறேன், தவழ்கிற குழந்தை வேறு. அதனால் பேஸ் மட்டும் செய்து கொடுக்கிற ஒருவரைப் பிடித்தேன். விளம்பரத்தில் தெளிவாகவே இருந்தது: கண்ணாடி மைக்ரோபலூன் பனி, 3 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை, கையால் செய்த புல் கொத்து. ஒரு பேஸில் ஆறு பேர், மொத்தம் எட்டு பேஸ், ஒன்றுக்கு 6 பவுண்டு, தபாலுக்கு 8. பேபாலில் "நண்பர்கள், குடும்பத்தார்" வழியாக அனுப்புங்கள், கமிஷன் மிச்சமாகும் என்றார். நானும் அனுப்பினேன். அந்த வழியில் அனுப்பினால் வாங்குபவருக்குப் பாதுகாப்பே கிடையாது. பொருள் வாங்குவதாகச் சொல்லி அனுப்பியிருந்தால் 180 நாளுக்குள் முறையிடலாம். தெரிந்தே செய்த மடத்தனம், மறைக்க விரும்பவில்லை.

நான் அனுப்பிய சிப்பாய்களைப் பேஸில் ஒட்டி, ஏப்ரலில் பெட்டி வந்தது. முதல் பார்வைக்கு வெள்ளை வெளேர் என்று நன்றாகத்தான் இருந்தது. உற்றுப் பார்த்தபோதுதான் சங்கடம் தொடங்கியது. பனி எல்லா இடத்திலும் ஒரே கனம், தோசைக்கல்லில் மாவை ஊற்றிப் பரப்பியது போல. உண்மையான பனி அப்படி விழாது. கல்லுக்கு ஒரு பக்கம் குவியும், காற்றடிக்கிற பக்கம் மண் தெரியும், நடந்தவன் பின்னால் காலடித் தடம் இருக்கும். இங்கே சிப்பாய்கள் வந்த தடமே இல்லை, வானத்திலிருந்து இறக்கிவைத்த மாதிரி நின்றார்கள். நான் வரைந்த கந்தல் காலெல்லாம் கணுக்கால்வரை புதைந்துவிட்டது. புல் கொத்தோ பளிச்சென்ற பச்சை. நவம்பர் மாத ரஷ்யாவில் பச்சைப் புல்! சரி, ரசனை வேறு என்று விட்டுவிட்டேன். அங்கேயே கேட்டிருக்க வேண்டும்.

பேஸ் அடியில் இரும்புத் தகடு ஒட்டி, காந்த விரிப்புப் போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து அலமாரிக்குள் தள்ளினேன். கோடையில் விளையாட நேரமில்லை. அக்டோபரில் திறந்தால், பனி மஞ்சள். சலவைக்குப் போடாத தலையணை உறையின் மஞ்சள். ஓரங்களில் பொரிந்து, விரல் பட்டால் பொடியாக உதிர்கிறது. போதாததற்கு எட்டில் ஐந்து பேஸ் படகு மாதிரி வளைந்து, காந்தத்தில் ஒட்டாமல், பெட்டியைத் தூக்கியதுமே சரிந்தன. கொடி பிடித்தவனின் கம்பு முறிந்தது.

மேசையில் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவி வந்தாள். உதிர்ந்த பொடியை விரலில் எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "என்னங்க, இது ஆப்ப சோடா மாதிரி இருக்கே?"

சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கத்தி நுனியால் கொஞ்சம் சுரண்டித் தட்டில் போட்டு, வினிகர் ஒரு சொட்டு விட்டேன். புஸ்ஸென்று நுரைத்தது. சுண்ணாம்புத் தூளும் நுரைக்கும் என்று வேண்டுமானால் வாதாடலாம். கண்ணாடி எந்த ஊரிலும் நுரைக்காது.

அந்த ஆளுக்குப் படத்தோடு எழுதினேன். முதல் பதில்: வெயிலில் வைத்திருப்பீர்கள். அலமாரிக்குள் இருந்தது என்றேன். இரண்டாவது: வீட்டில் ஈரம் அதிகமாக இருக்கும். இங்கிலாந்தில் ஈரம் இல்லாத வீடு எங்கே இருக்கிறது? நுரைத்த வீடியோவை அனுப்பியபின் மூன்றாவது வந்தது: பைகார்பனேட் சோடாவைத்தானே எல்லோரும் காலங்காலமாகப் போடுகிறார்கள்! அடுத்த வேலைக்கு 10 சதவீதம் தள்ளுபடி தருகிறாராம்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. வெள்ளைப் பசையில், அதாவது நம்மூர் ஃபெவிகால் மாதிரியானதில், சோடாவைக் கலந்து பனி செய்வது பழைய வித்தைதான். அது நாளாக ஆக மஞ்சளாகும் என்பதும் அதே அளவு பழைய செய்தி. பழையவர்கள் தங்கள் படைக்குத் தாங்களே போட்டுக்கொண்டார்கள், கண்ணாடி என்று சொல்லிக் காசு வாங்கவில்லை. சோடா கொள்ளை மலிவு. இந்தத் தொழிலில் ஏமாற்றுவதற்கு வசதியே இதுதான்: வேலை முடிந்த அன்று எடுக்கிற படத்தில் எல்லாப் பனியும் வெள்ளைதான். அதனால் புதுப் படம் காட்டுபவரிடம், இரண்டு வருஷத்துக்கு முன்னால் செய்ததன் இன்றைய படத்தைக் கேளுங்கள். என்ன தூள், எந்தப் பசை என்று எழுத்தில் வாங்குங்கள். ஒரே ஒரு மாதிரி பேஸ் செய்யச் சொல்லி, சுரண்டி வினிகர் விட்டுப் பாருங்கள்.

பலகை விஷயமும் சொல்லிவிடுகிறேன். காலிப்பரில் அளந்தேன்: 2 மி.மீ. அதுவும் ஒரு பக்கம்கூட வார்னிஷ் பூசாத எம்டிஎஃப். தண்ணீர் கலந்த பசையை மேல்பக்கம் மட்டும் தடவினால் அந்தப் பக்கத்து நார் ஊறி உப்பும். காயும்போது பசை சுருங்கி ஓரங்களை மேலே இழுக்கும். மெல்லிய பலகை என்றால் கேட்கவே வேண்டாம். இரண்டு பக்கமும் முதலில் பெயின்ட்டோ வார்னிஷோ அடித்திருந்தால் இவ்வளவு வளைந்திருக்காது. பிளாஸ்டிக் பேஸில் இந்தத் தொல்லையே இல்லை. லேசாக வளைந்த மூன்றை, மேல்பக்கம் இருந்ததையெல்லாம் பெயர்த்தபின் அரிசி மூட்டையின் கீழ் வைத்து நிமிர்த்தினேன். மற்றவை குப்பைக்கு.

உருவங்களைக் கழற்றுவது தனிக் கதை. சூப்பர் க்ளூ குளிரில் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், அதனால் பேஸோடு சில மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துத் திருகினால் டக்கென்று விடும். பெரசினாவில் உறைந்தது போதாதென்று, என் படை வஞ்சிர மீன் பொட்டலத்துக்கும் பட்டாணிப் பைக்கும் நடுவே மறுபடி உறைந்தது. 48இல் இரண்டு பேருக்குக் கணுக்கால் போயிற்று. ஊசி நுழைத்து ஒட்டினேன்.

இப்போது நானே செய்கிறேன், மாடிப்படி அடியில், முகக்கவசத்தோடு, குழந்தை தூங்கியபின். மணலை ஒட்டி, கரும்பழுப்பு அடித்து, உலர்ந்த தூரிகையால் வெளிர் நிறம் தடவி, காய்ந்த வைக்கோல் நிறத்தில் புல் கொத்து வைத்து, கடைசியில்தான் பனி. வெள்ளை அக்ரிலிக் பெயின்ட், வெள்ளைப் பசை, மைக்ரோபலூன் மூன்றையும் இட்லி மாவுப் பதத்துக்குக் குழைத்துப் பல்குச்சியால் கல்லின் ஒரு பக்கம் ஒதுக்கி வைப்பேன். ஈரம் காய்வதற்குள் மேலே கொஞ்சம் உலர் தூள். காலடித் தடத்தைப் பழைய தூரிகையின் பின்முனையால் குத்தினால் போதும்.

மூன்று பேஸ் முடிந்திருக்கிறது. ஐந்து பாக்கி. அந்த ஆளின் விளம்பரம் இன்னும் அப்படியே ஓடுகிறது, அதில் முதல் படம் என் சிப்பாய்கள்தான், ஏப்ரல் மாத வெள்ளையில். எடுக்கச் சொல்லி இரண்டு முறை எழுதிவிட்டேன். கொடிக்காரனின் கம்பு இடது பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும், அதைப் பார்த்தால் அடையாளம் தெரிந்துகொள்ளலாம்.