கிரெயிலா, ஆன்ஸ்ட்ரதரா, செயின்ட் மோனன்ஸா?

ஸ்காட்லாந்தின் ஃபைஃப் கரையில், ஈஸ்ட் நியூக் என்ற மூலையில், பழைய மீனவ ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. எடின்பரோவில் தங்கி ஒரே ஒரு நாள் ஒதுக்குகிறவர்கள் பெரும்பாலும் கிரெயிலுக்குத்தான் கிளம்புகிறார்கள். என் ஓட்டு செயின்ட் மோனன்ஸுக்கு.

கிரெயிலின் அழகில் குறை சொல்ல முடியாது. 1310-இல் ஸ்காட்லாந்து அரசர் ராபர்ட் புரூஸ் நகர உரிமை கொடுத்த ஊர். சிவப்பு ஓட்டுக் கூரைகள், கைக்கு அடக்கமான கல் துறைமுகம், நண்டுக் கூண்டுகள். ஆனால் படம் எடுத்து முடித்ததும், அந்த மக்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று சொல்ல அங்கே அதிகம் இல்லை.

செயின்ட் மோனன்ஸ் அதைச் சொல்கிறது. அரசர் இரண்டாம் டேவிட் 14-ஆம் நூற்றாண்டில் கட்டிய தேவாலயம் கடலை ஒட்டியே நிற்கிறது. உள்ளே கூரையிலிருந்து ஒரு மாதிரிக் கப்பல் தொங்குகிறது. அங்கிருந்து கிழக்கே கரையோரம் நடந்தால் 18-ஆம் நூற்றாண்டுக் காற்றாலை. பக்கத்தில் புல் மூடிய மேடுகள் தெரியும். அவசரப்பட்டுக் கடந்துவிடாதீர்கள், அவைதான் உப்புக் காய்ச்சிய கொட்டகைகள் இருந்த இடம். நம் உப்பளங்களில் வெயில் செய்யும் வேலையை இங்கே நிலக்கரி செய்தது. காற்றாலை கடல்நீரை மேலே ஏற்றும். பெரிய இரும்புத் தட்டுகளில் அதைக் கொதிக்கவைத்து வற்ற விடுவார்கள். நிலக்கரி பக்கத்திலேயே தோண்டக் கிடைத்ததால்தான் இது கட்டுப்படியானது.

ஆன்ஸ்ட்ரதரில் கூட்டமும் கடைகளும் அதிகம்தான். ஆனாலும் 1969-இல் தொடங்கிய மீன்பிடி அருங்காட்சியகத்தைத் தவறவிடக் கூடாது. ஹெர்ரிங் மீன் பிடித்த காலத்தை அவ்வளவு பொறுமையாக விளக்குகிறார்கள். 1902-இல் கட்டிய ரீப்பர் என்ற பாய்மரப் படகும் அவர்களுடையதுதான். மழை நாளோ, கூடவே குழந்தைகளோ இருந்தால் நேரே இங்கே வந்துவிடுங்கள்.

நடுவில் இருக்கும் பிட்டன்வீம் இன்னும் மீன்பிடித் தொழில் நடக்கும் துறைமுகம். 1705-இல் ஜேனட் கார்ன்ஃபுட் என்ற பெண்ணைச் சூனியக்காரி என்று சொல்லி ஒரு கும்பல் அடித்துக் கொன்றதும் இதே ஊரில்தான். அதைத் தெரிந்துகொண்டே அந்தத் தெருக்களில் நடக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சரி, ஒரு நாளுக்கு என்ன வழி? காலையில் செயின்ட் மோனன்ஸில் இறங்கி, கரையோரப் பாதையில் பிட்டன்வீம் வழியாக ஆன்ஸ்ட்ரதருக்கு நடங்கள். ஐந்து கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். அங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும், அதனால் இந்தத் திசையில் போனால் முகத்தில் அடிக்காது.