டர்போ பூட்டுவதா, டர்போ என்ஜினே இறக்குவதா?

மட்டக்களப்பில் டொயோட்டா ஸ்டார்லெட் கார் வைத்திருக்கிற பொடியன்மாருக்கு வரும் ஆசைதான்: வீட்டு முற்றத்திலேயே டர்போ (வெளியேறும் புகையால் சுழன்று என்ஜினுக்குள் கூடுதல் காற்றை அமுக்கும் கருவி) பூட்டினால் என்ன? பூட்டலாம். தலையிடி ஒயிலில்தான். அழுத்தத்தோடு டர்போவுக்குள் போகும் ஒயில், தன் பாரத்திலேயே வடிந்து சம்புக்கு, அதாவது என்ஜினின் அடியிலுள்ள ஒயில் தொட்டிக்கு, திரும்ப வேண்டும். அந்தக் குழாய் எங்காவது மேலே வளைந்தால் சீல் கசியும், சைலன்சரில் நீலப் புகை வரும். சம்பைக் கழற்றாமல் துளை போட்டால் உலோகத்தூள் உள்ளே விழும், தயவுசெய்து கழற்றுங்கள்.

அப்புறம், ஸ்டார்லெட்டின் சாதாரண 4இ-எஃப்இ என்ஜினின் அமுக்க விகிதம் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது) 9.6. டர்போவோடு வந்த 4இ-எஃப்டிஇக்கு 8.2. ஆகவே பழைய என்ஜினில் பூஸ்டை (டர்போ தரும் காற்றழுத்தத்தை) கூட்டினால், 95 ஒக்டேன் அடித்தாலும் நொக் அடிக்கும் (கலவை நேரம் தவறித் தானாக வெடிக்கும்) பயம் இருக்கும்.

என்ஜினையே மாற்றினால் செலவு கூட. என்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர், வயரிங் சேர்த்தே வாங்க வேண்டும், பதிவுப் புத்தகத்தில் என்ஜின் இலக்கமும் மாற வேண்டும். எனக்கென்றால் அதுதான் சரி. கல்லடிப் பாலம் தாண்டி வேலைக்குப் போகிற காருக்கு இரண்டுமே வேண்டாம்.