நாலில் கிக், ஏழில் கஞ்சிரா: எலெக்ட்ரான் டிஜிடாக்ட்

எலெக்ட்ரான் டிஜிடாக்ட் என்பது சாம்பிள்களை, அதாவது பதிவு செய்த ஒலிகளை, தாளமாக அடுக்கி ஓடவிடும் டிரம் மெஷின். என்னிடம் இருப்பது 2017ல் வந்த முதல் மாடல். சிங்கப்பூரில் பழைய பொருள் விற்கும் கரோசல் ஆப்பில் 650 வெள்ளிக்குப் பார்த்து பூன் லே எம்ஆர்டி வாசலில் போய் வாங்கினேன். விற்றவர் அடாப்டரை மறந்துவிட்டு வந்ததால் இன்னொரு நாளும் அலைந்தது தனிக்கதை.

வாங்கியதற்கு ஒரே காரணம், எட்டு ஆடியோ டிராக்குக்கும் (ஒவ்வொன்றும் ஓர் ஒலியின் வரிசை) தனித்தனி நீளம் வைக்கலாம் என்பதுதான். கிக்கை (பேஸ் டிரம் அடி) வழக்கம்போல 16 ஸ்டெப்பில், அதாவது 16 சிறு கட்டங்களில், நாலு கட்டத்துக்கு ஒன்றாகத் தட்ட விட்டுவிட்டு இன்னொரு டிராக்கை 7 ஸ்டெப்பில் நிறுத்தினால், அது ஒவ்வொரு சுற்றிலும் வேறு இடத்தில் விழுந்து, கிக் ஏழு சுற்று முடித்த பிறகுதான் மறுபடி அதோடு சேரும். மிருதங்க வகுப்பில் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு போட்டுத் தொடை சிவந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ‘தகிட தக திமி’ என்று சொல்லிப் பார்த்து 1, 4, 6ல் கஞ்சிராவை வைத்தேன், அவ்வளவுதான் வேலை.

அப்புறம் 5 ஸ்டெப் நீளத்தில் ஒரு ஷேக்கர். இப்போது மூன்றும் சந்திக்க 560 ஸ்டெப், அதாவது கிக்கின் 35 சுற்று. 125 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 125 அடி) ஒரு நிமிடத்துக்கும் மேல். சோபாவில் தாளம் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்த அக்கா மகன் கையை நிறுத்திவிட்டு, “மாமா, சமம் எங்க?” என்றான், எல்லாம் சேர்ந்து விழும் முதல் அடியைத்தான் கேட்டான். வரும்டா, இரு என்றேன். வந்தபோது இரண்டு பேர் தலையும் ஒன்றாக ஆடியது.

ஒன்றைக் கவனியுங்கள். எல்லா டிராக்கையும் சேர்த்து முதலுக்கு இழுக்கும் மாஸ்டர் நீளம் ஒன்று இருக்கிறது. அதை 16லேயே விட்டால் ஏழு பாதியில் வெட்டுப்பட்டு ஒவ்வொரு சுற்றும் ஒரே மாதிரி ஒலிக்கும். ‘இன்ஃப்’ (முடிவில்லாதது) என்று மாற்ற வேண்டும். இது புரிய எனக்கு இரண்டு ராத்திரி ஆனது, மேனுவலைத் திறக்காத என் தப்புதான்.

ஆனால் நீளத்தை மாற்றுவது வேறு, ஒரே சுற்றுக்குள் கதியை, அதாவது ஓர் அடியை எத்தனையாகப் பிரிக்கிறோம் என்பதை, மாற்றுவது வேறு. டிராக்கின் வேகத்தை 3/4 ஆக்கி நீளத்தை 12ல் வைத்தால் திஸ்ரம் (அடிக்கு மூன்று) சுத்தமாக வந்துவிடுகிறது. கண்ட கதிக்கான (அடிக்கு ஐந்து) வேகம் மெனுவில் இல்லை, ஒவ்வொரு அடியையும் மைக்ரோ டைமிங்கில் கையால் நகர்த்த வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது, லேப்டாப்புக்குப் போய்விடுவேன்.

சரி, இதற்கெல்லாம் ஆடுவார்களா? நண்பர் வீட்டுப் பிறந்தநாளில் போட்டுப் பார்த்தேன். கிக் நாலில் இருந்தவரை மேலே என்ன ஓடினாலும் யாருக்கும் கால் இடறவில்லை. கிக்கையும் ஏழுக்கு மாற்றிய பாட்டுக்கு மட்டும் பாதிப் பேர் பிரியாணிப் பக்கம் ஒதுங்கிவிட்டார்கள்.

2024ல் வந்த இரண்டாவது மாடலில் 16 டிராக், 128 ஸ்டெப், ஸ்டீரியோ சாம்பிள் எல்லாம் உண்டு. என்னுடையது மோனோ, 64 ஸ்டெப்தான். என் தாளமெல்லாம் அதற்குள் அடங்கிவிடுகிறது, அந்தக் காசுக்கு நல்ல ஸ்பீக்கர் வாங்கலாம் என்று இருக்கிறேன்.