டூ ஃபாஸ்ட் ஃபார் லவ்: எந்த மிக்ஸை வாங்குவது?

அமெரிக்க ராக் குழுவான மோட்லி க்ரூவின் முதல் ஆல்பத்தை இப்போது வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். தாராளமாக வாங்கலாம். ஆனால் எதை வாங்குவது என்பதில்தான் எரிச்சலே. ஒரே பெயர், பாடகர் வின்ஸ் நீலின் தோல் பேன்ட்டை நெருக்கத்தில் காட்டும் ஏறக்குறைய ஒரே அட்டை, உள்ளே இருப்பதோ இரண்டு வேறு சமாச்சாரங்கள். எது எது என்று வெளியே யாரும் எழுதி ஒட்டுவதில்லை.

முதலாவது, 1981 நவம்பரில் குழுவே தன் சொந்த லெதர் ரெக்கார்ட்ஸ் பெயரில் போட்டது. லாஸ் ஏஞ்சல்ஸில் கையில் இருந்த காசுக்கு அவசர அவசரமாகப் பதிவு செய்தது. சவுண்ட் இன்ஜினியர் மைக்கேல் வாக்னர். இரண்டாவது, 1982 ஆகஸ்டில் எலெக்ட்ரா என்ற ரெக்கார்ட் நிறுவனம் வெளியிட்டது. குயின் குழுவின் ஒலியைச் செதுக்கிய ராய் தாமஸ் பேக்கரைக் கூப்பிட்டு மறுபடி மிக்ஸ் செய்ய, அதாவது பதிவான குரலையும் கருவிகளையும் புதிதாகக் கலந்து சமன் செய்ய, வைத்தார்கள். கடைகளில் பல வருடங்களாகக் கிடைத்ததும், பெரும்பாலானவர்கள் கேட்டு வளர்ந்ததும் இந்த இரண்டாவதுதான்.

அடையாளம் காண்பது சுலபம். பாடல்களை எண்ணுங்கள். லெதரில் 10, எலெக்ட்ராவில் 9. 'ஸ்டிக் டு யுவர் கன்ஸ்' காலி. அடுத்து இரண்டாவது பாட்டைப் பாருங்கள். 'பப்ளிக் எனிமி நம்பர் ஒன்' என்றால் லெதர், 'கம் ஆன் அண்ட் டான்ஸ்' என்றால் எலெக்ட்ரா. போனஸ் பாடல்கள் சேர்ந்த பதிப்பில் எண்ணிக்கை ஏமாற்றும், இரண்டாவது பாட்டு ஏமாற்றாது.

எனக்கு ஆறாத கோபம் தலைப்புப் பாட்டின் மேல். லெதரில் அது மெதுவான ஒரு தொடக்கத்தோடு வரும், அப்புறம்தான் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வாசிப்பு, பாயும். எலெக்ட்ராவில் அந்தத் தொடக்கத்தையே வெட்டி எறிந்துவிட்டு நேராக ரிஃப்பில் விழுகிறார்கள். வேகம் வேகமாகத் தெரிய முன்னால் ஒரு மெதுவான இடம் வேண்டாமா? அந்தச் சில நொடிகளை மிச்சம் பிடித்து என்ன சாதித்தார்களோ.

மிக்ஸ் விஷயத்தில் பேக்கரை முழுக்கத் திட்டவும் மனசு வரவில்லை. லெதரில் மிக் மார்ஸின் கிட்டார் மூஞ்சிக்கு நேரே உறுமுகிறது, வின்ஸின் குரல் கீச்சென்று தனியே நிற்கிறது, ஓரங்கள் எல்லாம் பிசிறு. எலெக்ட்ராவில் அந்தப் பிசிறைத் தேய்த்து வழவழப்பாக்கியிருக்கிறார். 'லைவ் வயர்' பாட்டில் டிரம்மர் டாமி லீ கவ்பெல் என்ற உலோக மணியைத் தட்டும் இடத்தை இரண்டிலும் அடுத்தடுத்துக் கேளுங்கள், வித்தியாசம் புரிந்துவிடும். 'ஸ்டாரி ஐஸ்' போன்ற பாப் மெட்டுக்கு வழவழப்பு பொருந்துகிறது, 'பீஸ் ஆஃப் யுவர் ஆக்ஷ'னுக்குப் பொருந்தவே இல்லை. கடைசிப் பாட்டு 'ஆன் வித் த ஷோ' எந்த மிக்ஸிலும் தப்பித்துவிடும். ஃபிராங்கி என்பவன் செத்துப்போன கதை அது; குழுவின் பேஸ் கிட்டாரிஸ்ட் நிக்கி சிக்ஸின் பிறவிப் பெயர் ஃபிராங்க் என்று தெரிந்தால் இன்னும் உறைக்கும்.

ஒப்பிடும்போது ஒலியளவைச் சமப்படுத்திக்கொள்ளுங்கள். எலெக்ட்ரா பதிப்பை ஒலி திருத்தி, போனஸ் பாடல்கள் சேர்த்து வெளியிட்ட 1999 ரீமாஸ்டர் பழைய எலெக்ட்ரா சிடியைவிடச் சத்தமாக ஏற்றப்பட்டது. சத்தம் கூடினால் காதுக்கு நல்லதாகத்தான் தோன்றும், அதை வைத்துத் தீர்ப்பு சொல்லிவிடக் கூடாது. பிளேயரில் ஒலியளவைத் தானே சமப்படுத்தும் கெய்ன் அமைப்பு இருந்தால் 'டிராக்' வேண்டாம், 'ஆல்பம்' என்று வையுங்கள். 'டிராக்' என்று வைத்தால் அமைதியான பாட்டையும் ஏற்றிவிட்டு எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் தட்டையாக்கிவிடும்.

அந்த 1999 சிடியில் 'ஸ்டிக் டு யுவர் கன்ஸ்' 13வது பாடலாகவும், தலைப்புப் பாட்டு மாற்றுத் தொடக்கத்தோடு 12வது பாடலாகவும் இருக்கின்றன. ஆகவே 1, 3, 5, 4, 6, 7, 13, 2, 12, 9 என்று பிளேலிஸ்ட் போட்டால் லெதர் வரிசை கைக்கு வந்துவிடும். மிக்ஸ் வராது, வரிசை மட்டும்தான். ஆனால் வரிசையே பாதி வேலையைச் செய்கிறது: முதல் பக்கம் மூச்சுவிடாமல் ஓடுகிறது, 'கம் ஆன் அண்ட் டான்ஸ்' தன் இடத்துக்குத் திரும்பிப் போகிறது. ஷஃபிளை மட்டும் அணைத்துவிடுங்கள்.

உண்மையான லெதர் மிக்ஸே வேண்டுமென்றால் 2003இல் வந்த 'மியூசிக் டு க்ராஷ் யுவர் கார் டு' முதல் தொகுப்புப் பெட்டியில் இருக்கிறது. 1981 அசல் வைனல் பக்கம் போகாதீர்கள். முதல் அச்சு வெறும் 900 பிரதிதான் என்பார்கள், விலை அதற்கேற்ப இருக்கும், போலிகளும் சந்தையில் உலாவுகின்றன.

இவ்வளவு திட்டிவிட்டு நண்பருக்கு நான் சொன்ன பதில்: 1999 சிடியை வாங்கு. லெதர்தான் நல்ல ஆல்பம், சந்தேகமே இல்லை. ஆனால் காரில் போடும்போது கை போவது பேக்கர் மிக்ஸுக்குத்தான், அந்த வெட்டுப்பட்ட தலைப்புப் பாட்டு வரும் வரைக்குமாவது.