அரை கிலோ டிரிகர்: திருச்சிப் பயணத்தில் ஒரு சுடுதளம்

ஹூஸ்டனில் இருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருகிறோம். பல் டாக்டர், கண் கண்ணாடி, பேங்க் கேஒய்சி, அம்மாவின் சர்க்கரைப் பரிசோதனை என்று பட்டியல் எப்போதும் ஒன்றுதான். அவையெல்லாம் இந்தத் தடவையும் குறையில்லாமல் முடிந்தன. நான் எழுத வந்தது பட்டியலில் புதிதாகச் சேர்ந்த ஒன்றைப் பற்றி.

அக்கா மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். ஒன்றரை வருடமாக 10 மீட்டர் ஏர் பிஸ்டல் (காற்றழுத்தத்தால் சின்ன ஈயக் குண்டைச் சுடும் கைத்துப்பாக்கி) சுடுகிறாள். நானும் டெக்சஸில் ஏழெட்டு வருடமாக வாரக் கடைசியில் சுடுபவன். என்னிடம் ஒரு கிளாக் 19, ஒரு சிஸெட் ஷேடோ 2, நண்பரிடமிருந்து வாங்கிய 1911 ஒன்று, ஆக மூன்று செமி ஆட்டோமேட்டிக் கைத்துப்பாக்கிகள் இருக்கின்றன. எந்தத் துப்பாக்கியின் டிரிகர், அதாவது சுட விரலால் இழுக்கும் விசை, நன்றாக இருக்கிறது என்று நண்பர்களோடு மணிக்கணக்கில் பேசுவோம். வந்த மறுநாளே அவள் கேட்டாள்: "மாமா, உங்க டிரிகர் எத்தனை கிராம்?" கிளாக்கைச் சுட விரல் கொடுக்க வேண்டிய கனத்தைச் சொன்னேன், ஐந்தரை பவுண்டு என்று. மனதுக்குள் கணக்குப் போட்டவள், "ரெண்டரை கிலோவா?" என்று கண்ணை விரித்தாள். "என்னோடது ஐந்நூறு கிராம்."

அவளுடைய பயிற்சிக் கூடத்துக்குப் போவதற்கு முன், வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்திருந்த ஒரு தனியார் இடத்துக்கு நானும் மைத்துனனும் போனோம். பெயர் வேண்டாம். காசு வாங்கினார்கள், துப்பாக்கியைக் கையில் கொடுத்தார்கள், அவ்வளவுதான். வாடகை ஏர் பிஸ்டலின் டிரிகர் தேய்ந்து, எங்கே விடுபடும் என்று சொல்லவே முடியாதபடி இருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பக்கத்து லேனில் ஒரு பையன் செல்ஃபி எடுக்கத் துப்பாக்கியோடு அப்படியே எங்கள் பக்கம் திரும்பினான். கண்காணிக்க வேண்டியவர் போனில் இருந்தார். நான் சத்தம் போட்டதும்தான் நிமிர்ந்து பார்த்தார். மீதிப் பெல்லட் குண்டுகளை மேஜையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டோம். ஏர் பிஸ்டல்தானே என்று நினைக்கக் கூடாது, 10 மீட்டரில் அது கண்ணையே குருடாக்கிவிடும். விதி சொல்லித் தராத இடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள்.

அக்கா மகளின் கூடம் வேறு மாதிரி. ஒரு கடை மாடியில் ஆறு லேன். கோச் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வாட்ஸ்அப்பில் முந்தின நாள் சொன்னால் நேரம் ஒதுக்கித் தருகிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு ஐந்நூறு ரூபாய் வாங்கினார்கள், பெல்லட், டார்கெட் அட்டை எல்லாம் அதிலேயே அடக்கம். காலை 6.30க்குப் போனால் கூட்டமில்லை. ஒருநாள் நடுவில் கரண்ட் போனது. கோச் "ஸ்டாப்" என்றார். ஆறு பேரும் துப்பாக்கியை மேஜையில் வைத்து, உள்ளே குண்டு இல்லை என்று காட்டும் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கயிற்றைக் குழலில் செருகிவிட்டு இரண்டடி பின்னால் வந்து நின்றார்கள். பன்னிரண்டு வயதுப் பையன் உட்பட யாருக்கும் இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. இந்த ஊரில் நான் பார்த்த மிக ஒழுங்கான அறை அதுதான்.

முதல் நாள் எனக்குப் பெல்லட்டே தரவில்லை. "சார், நீங்க பழைய ஆளு. அதனாலதான் முதல்ல ட்ரை" என்றார் கோச். குண்டு போடாமல் வெறுமனே டிரிகரை இழுத்துப் பழகுவதுதான் ட்ரை. சுவரில் வெறும் வெள்ளைத்தாள், எதிரே நான், கையில் ஸ்டெயர் எல்பி 10 என்ற ஏர் பிஸ்டல், காலியாக. ஐம்பது நிமிடம் அப்படியே போனது.

அதற்கு முன்னால் அவர் செய்து காட்டிய ஒரு சின்னக் காரியம் என் மனதைவிட்டுப் போகவில்லை. துப்பாக்கிக் குழலை மேலே பார்க்க நிமிர்த்திப் பிடித்தார். 500 கிராம் எடையின் கொக்கியை டிரிகரில் மாட்டி, மேஜையிலிருந்து மெதுவாகத் தூக்கினார். எடை மேஜையைவிட்டு எழும்பியது, டிரிகர் விடுபடவில்லை. போட்டியில் இப்படித்தான் சோதிப்பார்கள். எடை எழும்புவதற்குள் விடுபட்டுவிட்டால் துப்பாக்கி தேறாது. 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்குக் குறைந்தது 500 கிராம், 25 மீட்டர் .22 பிஸ்டலுக்குக் குறைந்தது 1000 கிராம், அதற்கு மேல் அவரவர் விருப்பம். அப்புறம் அந்த எடையைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, "இதான் சார் உங்க விரல் செய்யற மொத்த வேலை" என்றார்.

அங்கேதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. எல்பி 10 ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதன் டிரிகர் துப்பாக்கியின் எடையில் ஏறத்தாழப் பாதி. என் கிளாக் 19 முழுத் தோட்டாவோடு 855 கிராம்தான். டிரிகரோ இரண்டரை கிலோ. துப்பாக்கியின் எடையைப்போல் மூன்று மடங்கு பலத்தை ஒற்றை விரலால் கொடுத்துக்கொண்டே துப்பாக்கியை அசையாமல் வைத்திருக்க வேண்டும். இத்தனை வருடமாக என் குண்டுகள் கீழே இடப்பக்கம் போனதற்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது. ஷேடோ 2 என் கையில் ஏன் நன்றாகச் சுடுகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. அது 1330 கிராம் எடை. ஹேமர் (ஊசியை அடித்துத் தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தி) பின்னால் ஏறி இருக்கும்போது என்னுடையதை அளந்தால் 1.6 கிலோ சுமார் வருகிறது. துப்பாக்கியும் டிரிகரும் கிட்டத்தட்ட ஒரே தராசில் நிற்கின்றன. டிரிகரை மட்டும் தனியே எடுத்து லேசு, கனம் என்று பேசுவதில் பாதி அர்த்தம்தான் உண்டு.

எடை ஒன்று, உணர்வு வேறு. எல்பி 10இன் டிரிகர் இரண்டு கட்டம். கோச் அமைத்திருந்தபடி முதல் கட்டம் ஏறத்தாழ 400 கிராம் வரை வெண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு வருகிறது. பிறகு ஒரு சுவர். அங்கே விரல் நிற்கிறது. மீதி 100 கிராமைச் சேர்த்தால், காய்ந்த ஈர்க்குச்சி ஒடிவதுபோல் டக்கென்று விடுபடுகிறது. விடுபட்ட பிறகு விரல் பின்னால் தாவ இடமே இல்லை. சுவரில் நின்றபடி குறியைப் பார்ப்பதுதான் பயிற்சியே. அவசரப்பட்டுச் சுவரை இடித்தால் குழல் நுனியில் இருக்கும் முன்குறி துள்ளுவது வெள்ளைத்தாளில் பளிச்சென்று தெரிந்துவிடும். உண்மையாகச் சுடும்போது அந்தத் துள்ளலை வெடியும் உதைப்பும் மறைத்துவிடுகின்றன. பெல்லட் இல்லாத ஐம்பது நிமிடம் எதற்கென்று அப்போது புரிந்தது.

கிளாக்கில் அந்தச் சுவர் மொத்தமாக, கொஞ்சம் மசமசவென்று இருக்கும். காரணம் உண்டு. அதில் ஸ்டிரைக்கர் (தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி) பாதிதான் இழுபட்டு நிற்கிறது. மீதி இழுப்பை முடிப்பது, உள்ளே இருக்கும் ஊசித் தடுப்பை உயர்த்துவது, கடைசியில் விடுவிப்பது, இத்தனையும் உங்கள் ஒரே விரல் இழுப்பில் நடக்க வேண்டும். கீழே விழுந்தாலும் வெடிக்கக் கூடாது என்பதற்காகச் செய்த அமைப்பு அது. இடுப்பில் வைத்துக்கொண்டு நடமாடும் துப்பாக்கிக்கு அரை கிலோ டிரிகர் வைத்தால் ஆளைக் கொன்றுவிடும். அதனால் கிளாக்கை மட்டம் என்று சொல்ல மாட்டேன், அதன் வேலை வேறு. ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1911இல் ஹேமர் ஏற்கெனவே பின்னால் ஏறி நிற்கிறது. டிரிகர் கீல் போட்டு ஆடாமல் நேர்கோட்டில் பின்னால் நகர்ந்து அதை விடுவிப்பதோடு சரி. நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தத் துல்லியமான ஒடிவுக்காகவே ஆட்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள். ஷேடோ 2இல் ஹேமரை இறக்கி வைத்துச் சுட்டால் முதல் இழுப்பு நீளம், கனம். ஆனால் கிணற்று ராட்டினம்போல் ஒரே சீராக வரும். இரண்டாவது குண்டிலிருந்து ஹேமர் தானே ஏறிவிடுவதால் வேறு துப்பாக்கிபோல் இருக்கும்.

பக்கத்து லேனில் ஒரு அண்ணன் மோரினி வைத்திருந்தார், எலக்ட்ரானிக் டிரிகர். அதில் உலோகத்தோடு உலோகம் உரசி விடுபடும் வேலை இல்லை, உள்ளே ஒரு ஸ்விட்ச்தான். அத்தனை சுத்தமான ஒடிவை நான் வேறெதிலும் உணர்ந்ததில்லை. ஆனாலும் எனக்கு எல்பி 10தான் பிடித்தது. விரலுக்குப் பதில் சொல்ல அதில் ஒரு பொருள் இருக்கிறது. அக்கா மகளுக்கு மோரினி மேல்தான் ஆசை. பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலம் வாங்கிய மனு பாக்கர் இவர்கள் எல்லாருக்கும் தெய்வம். அதற்கு முன் டோக்கியோவில் அவருடைய பிஸ்டல் நடுப்போட்டியில் பழுதாகி, மாற்றி வருவதற்குள் நேரம் போய், இறுதிச் சுற்று கைவிட்டுப் போனதையும் இந்தப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். 60 குண்டு, 75 நிமிடம். நடுவில் இப்படி நேரம் போனால் என்ன ஆகும் என்று அவர்கள் விரல்விட்டு எண்ணிக் காட்டுகிறார்கள்.

இரண்டாவது வாரம் கோச் எங்களை 25 மீட்டர் தளம் உள்ள ஒரு கிளப்புக்கு அழைத்துப் போனார். .22 சுட எனக்கு அனுமதி இல்லை, உறுப்பினர் அல்லாதவருக்குத் தர முடியாது என்று நேராகச் சொல்லிவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் பார்டினி எஸ்பி என்ற .22 பிஸ்டலைக் காலியாகக் கையில் கொடுத்து, வெடிமருந்தே இல்லாத போலித் தோட்டாவோடு டிரிகரை இழுத்துப் பார்க்க விட்டார்கள். செமி ஆட்டோமேட்டிக்தான். ஆனால் மேகசின் (தோட்டாக்கள் இருக்கும் பெட்டி) கைப்பிடிக்குள் இல்லை, டிரிகருக்கு முன்னால் இருக்கிறது. அதனால் மரக் கைப்பிடியைக் கைக்கு ஏற்றபடி செதுக்க முடிகிறது, விரல் டிரிகரில் போய் நேராக உட்காருகிறது. ஒரு கிலோ டிரிகர் என்று நம்பவே முடியவில்லை. கைப்பிடி சரியாக இருந்தால் கிராம் குறைந்ததுபோல் தோன்றும் என்றார் கோச். ஹூஸ்டன் திரும்பியதும் கிளாக்கின் கைப்பிடியில் இருக்கும் பின்பக்கப் பட்டையை மாற்றிப் போட்டுப் பார்த்தேன், அவர் சொன்னது உண்மை.

வரப்போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். அமெரிக்காவில் சுடப் போகும் பையை எக்காரணம் கொண்டும் இந்தியாவுக்கு எடுத்து வராதீர்கள். ஓரத்தில் தங்கிய ஒரே ஒரு 9 எம்எம் தோட்டா போதும், விமான நிலையத்தில் ஆயுதச் சட்ட வழக்கில் மாட்டிக்கொள்வீர்கள். இந்தியாவில் 9 எம்எம் தடை செய்யப்பட்ட வகை, லைசென்ஸ் வாங்கியவர்கள்கூட .32, .22 போன்றவற்றைத்தான் வைத்திருக்க முடியும். நான் புதுப் பையோடு வந்தேன், செருப்பு முதற்கொண்டு தட்டிப் பார்த்து எடுத்து வைத்தேன். அடுத்தது, 4.5 மில்லிமீட்டருக்கும் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் பிஸ்டலுக்கு இங்கே லைசென்ஸ் வேண்டாம். அதனால் கூடத்தில் சுட உங்கள் பாஸ்போர்ட் நகல் ஒன்றும் கொஞ்சம் பொறுமையும் போதும். என்னிடம் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

கடைசி நாள் அக்கா மகளும் நானும் பத்துப் பத்துக் குண்டு சுட்டோம். பத்து மீட்டரில் பத்துப் புள்ளி வட்டம் 11.5 மில்லிமீட்டர்தான், சட்டைப் பொத்தான் அளவு. அவள் 94, நான் 81. என் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, "மாமா, எல்லாமே நடுவுலதான் சுத்தியிருக்கு, இடப்பக்கம் ஒண்ணுகூடப் போகல" என்றாள்.

ஹூஸ்டன் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. தினமும் இரவு தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிவிட்டு, கிளாக்கைக் காலி என்று இரண்டு தடவை பார்த்து, வெள்ளைத்தாள் முன்னால் இருபது நிமிடம் நிற்கிறேன். கோச்சிடம் அடுத்த டிசம்பருக்கு இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்: காலை 6.30, மூன்றாவது லேன், முதல் நாள் பெல்லட் வேண்டாம்.