லக்கோட்டா மொழிக்கூடு: மணல்மேட்டில் நின்று பாருங்கள்

அமெரிக்கப் பழங்குடி மொழிகளில் ஒன்றான லக்கோட்டாவில் 'வஹோஹ்பி' என்றால் பறவைக்கூடு. அமெரிக்காவின் ஸ்டாண்டிங் ராக் பழங்குடிப் பகுதியில், ஃபோர்ட் யேட்ஸிலுள்ள சிட்டிங் புல் கல்லூரியில் 2012-ல் தொடங்கிய மழலையர் பள்ளியின் பெயரில் அந்தச் சொல் இருக்கிறது. இந்த மொழிக்கூடு முறை, நியூசிலாந்து மாவோரிகள் 1982-ல் தொடங்கியது. வாசலைத் தாண்டினால் ஆங்கிலம் கிடையாது, மொழிபெயர்ப்பும் கிடையாது. சைகை, பொருள், செயல், அவ்வளவுதான்.

இவ்வகைச் சிறு பள்ளி எதற்குப் போனாலும் நிறமும் எண்ணும் பாட்டும்தான் முதலில் காதில் விழும். அதை வைத்து மதிப்பிடாதீர்கள். பொம்மைக்குச் சண்டை மூளும்போது எந்த மொழி வருகிறது என்று, பிள்ளைகள் விளையாடும் மணல்மேட்டில் நின்று கேளுங்கள். ஆசிரியர் சொல்வதெல்லாம் பிள்ளைக்குப் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். வழக்கமான கோளாறு இதுதான். 'கொடு', 'என் முறை', 'தள்ளிப்போ' என்பவற்றை முதலிலேயே வாயில் ஏற்றாததால் வருவது. நிறங்கள் காத்திருக்கலாம்.

உறவுச்சொற்களில்தான் முழுமொழிச் சூழலின் அருமை தெரியும். அப்பா 'அத்தே', பெரியப்பா, சித்தப்பாவும் 'அத்தே'. அம்மாவும் அவர் சகோதரிகளும் 'இனா'. தாய்மாமனுக்கு 'லெக்ஷி' என்று தனிச்சொல். நம் முறைதான், 'அத்தே' அப்பாவாக இருப்பதில்தான் தமிழ்க்காது இடறும்! ஆனால் அண்ணனைத் தம்பி 'ச்சியே' என்பான், தங்கை 'திப்லோ' என்பாள். படத்தை ஒட்டி அடியில் ஒரு சொல் எழுதும் சுவர் அட்டை இங்கே உதவாது. பிள்ளைகளை ஒருவரையொருவர் கூப்பிட வைக்க வேண்டும்.

ஆண்பேச்சு, பெண்பேச்சு வேறுபாடும் உண்டு. ஆண்கள் 'ஹௌ' என்று வரவேற்பார்கள், பெண்கள் 'ஹான்'. ஏவல் முடிவும் மாறும்: ஆண் பேசினால் 'யோ', பெண் பேசினால் 'யே'. ஆசிரியர் எல்லாரும் பெண்களானால் பையன்கள் யாரைப் பார்த்துப் பழகுவார்கள்? அறையில் ஓர் ஆண்குரல் அன்றாடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஒலியிலும் கவனம் தேவை. தமிழில் ஒரே 'க' எழுத்தால் குறிக்கக்கூடிய இடத்தில் லக்கோட்டா வெறும் க, மூச்சு சேர்ந்த க, தொண்டை உரசும் க, வெடித்து நிற்கும் க என்று பிரிக்கும். மூன்று வயதுக் காது இவற்றை எளிதாகப் பிடித்துவிடும், பிடிப்பதற்கு யாராவது சரியாகச் சொன்னால். இரண்டாம் மொழியாகக் கற்ற இளம் ஆசிரியர் நான்கையும் இரண்டாக மழுக்கினால் பிள்ளைக்கும் இரண்டுதான். தாய்மொழியாகப் பேசும் முதியவர் வாரம் ஒருமுறை வந்து கதை சொல்லிப் போவது இதற்குப் போதாது; சாப்பாட்டு மேசையில், கை கழுவும் இடத்தில் கூடவே இருக்க வேண்டும். அதேநேரம் பத்துப் பிள்ளைகளை மேய்க்கும் வேலையையும் அவர் தலையில் கட்டக்கூடாது. அதற்கு இளம் ஆசிரியர் வேண்டும். ஆக, ஓர் அறைக்கு இருவர்.

சேர்க்கும்முன் கேட்க இன்னொன்று: முதல் வகுப்பு எந்த மொழியில்?